பதினான்காம் நம்பர் பூட்ஸ்

பூட்டுக்குள் வெளியிலிருந்து ஒரு சாவி நுழைந்தது. உள்ளே வெர்னன் டகெட் இடுப்பிலிருந்த துப்பாக்கியை உருவிக்கொண்டு, கேரவனின் குறுகிய தரையில் மண்டியிட்டார். வந்த உடனே உள்தாழ்ப்பாளைப் போட்டுவிட்ட தமது புத்திசாலித்தனத்தைப் பாராட்டிக்கொள்ளவும் அவர் மறக்கவில்லை.

தம்மைப் பாராட்டிக்கொள்வதில் அவருக்கு நல்ல பயிற்சி உண்டு. ஒரே கம்பெனியின் கேரவனை வாங்கி, அதிலேயே குடியிருக்கும் ஓய்வுபெற்றவர்கள் குளிர்காலந்தோறும் அரிசோனா பாலைவனத்தில் கூடுவார்கள். அவர்களுடைய மன்றத்துக்கு அவர்தாம் பாதுகாப்புச் செயலாளர். தேர்தலில் அவரை எதிர்த்து எவரும் நிற்கவில்லை. அவர் கேட்ட பிறகுதான் அப்படியொரு பதவியே உருவாயிற்று.

பக்கத்து முகாமில் ஒரு ஜெனரேட்டர் திருடு போனதும் அவர் வகுப்பெடுக்கத் தொடங்கினார். முதல் வகுப்பிலிருந்து இன்று காலை வகுப்புவரை ஒரே பாடம்தான்.

"வாசல்ல பதினாலாம் நம்பர் பூட்ஸ் ஒரு ஜோடி போட்டு வைங்க. பக்கத்துல பெரிய நாய்க்கிண்ணம். உள்ள ஒரு ராட்சசனும் அவன் நாயும் இருக்குன்னு நெனச்சுத் திருடன் ஓடியே போயிடுவான். ஜன்னலையெல்லாம் வெள்ளித்தாள் ஒட்டி மூடிடுங்க."

முகாம் அவர் சொல்லைத் தட்டவில்லை. ஊருக்குள் இருந்த பழைய சாமான் கடையில் பெரிய பூட்ஸ் அத்தனையும் விற்றுத் தீர்ந்தது.

"நம்ம கம்பெனி பூட்டை நம்பாதீங்க, ஒரே சாவி பாதி வண்டியைத் திறக்கும்" என்று எச்சரித்தவரும் அவரே. புதுப் பூட்டுகள் அடுத்த வாரம் வருவதாக இருந்தன. இப்போது கதவைக் குடைந்துகொண்டிருந்த பிறவிக்கு அதுவரை பொறுமையில்லை போலும் என்று வெர்னன் பல்லைக் கடித்தார்.

காலை வகுப்பில் சந்தேகம் கேட்டவர் ஒரே ஒருவர். தனியாக வாழும் ஓப்பல் ஹாப்குட். வயது எழுபதைத் தாண்டியும், துப்பாக்கிப் பயிற்சியில் முகாமிலேயே குறி தவறாதவர் அந்த அம்மையார்தான். இதைச் செயலாளர் மட்டும் ஒப்புக்கொள்வதில்லை.

"ஏன் வெர்னன், ஆள் உள்ளயே நுழைஞ்சிட்டான்னு வச்சுக்கோ. நான் ஓடணுமா?"

"எதுக்கு ஓடணும்? சக்கரம் இருந்தா என்ன, நீ குடியிருந்தா அது வீடு. ஓடித்தான் ஆகணும்னு இந்த மாநிலச் சட்டம் சொல்லல. 'இது என் வீடு, கையில துப்பாக்கி இருக்கு, போயிடு'ன்னு மூணு தடவை கத்து. அதுக்கப்புறம் அவன் தலையெழுத்து."

"அவன், 'இது என் வீடு'ன்னு சொன்னா?"

"எல்லாத் திருட்டுப் பயலும் அதைத்தான் சொல்லுவான், ஓப்பல். நம்பிடாதே!"

"சரி. நம்பல" என்றார் அம்மையார்.

இத்தனை ஞானத்தையும் வாரி வழங்கியதில் தொண்டை வறண்டு, வெயிலில் கண் கூச நடந்து வந்த வெர்னன், பூட்ஸையும் நாய்க்கிண்ணத்தையும் கண்டதும் சாவியைப் போட்டுத் திறந்து உள்ளே ஏறினார். பட்டப்பகலிலும் உள்ளே கும்மிருட்டு, வெள்ளித்தாளின் மகிமை. குளிர்பெட்டியைத் திறந்தால், பீர் இருக்க வேண்டிய இடத்தில் கேரட் சாறு நின்றது. டாக்டரும் மனைவி லோரெட்டாவும் சேர்ந்து செய்த சதி என்று திட்டிவிட்டு, வேறு வழியின்றி அதைக் குடித்துக்கொண்டிருந்தபோதுதான் இந்தச் சாவி.

கதவு தாழ்ப்பாளில் மோதி நின்றது.

"இது என் வீடு! கையில துப்பாக்கி இருக்கு! போயிடு!" என்று வெர்னன் முழங்கினார்.

ஏசி இரைச்சலுக்கு நடுவே வெளியிலிருந்து ஒரு குரல் மங்கலாக வந்தது. "இது என் வீடு! கையில துப்பாக்கி இருக்கு! போயிடு!"

கேலி! சட்டத்தையே கேலி செய்கிறான்! வெர்னன் இரண்டாம் முறை முழங்கினார். வெளிக்குரலும் இரண்டாம் முறை முழங்கிற்று. ஒரு சொல் பிசகவில்லை. அவருடைய மாணவர்களில் பாதிப்பேருக்கு அந்த வாக்கியம் இன்னும் மனப்பாடம் ஆகவில்லை.

மூன்றாம் முறையும் இரு தரப்பிலும் முறைப்படி நிறைவேறியது. பிறகு வெளியே, துப்பாக்கியில் குண்டேறும் ஓசை தெளிவாகக் கேட்டது.

இதற்கு மேல் என்ன செய்வது என்பதைச் செயலாளர் எந்த வகுப்பிலும் எடுத்ததில்லை. லோரெட்டா இந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தால் என்னாவது? அவளைக் கைப்பேசியில் அழைத்தார்.

"லோரெட்டா, நீ எங்க இருந்தாலும் அங்கயே இரு! வீட்டுப் பக்கம் வந்துடாதே! வாசல்ல ஒருத்தன் துப்பாக்கியோட நிக்கறான்!"

"எந்த வாசல்ல?"

"நம்ம வாசல்லதான்! நான் உள்ள மாட்டிக்கிட்டேன்!"

மறுமுனையில் எண்ணெய் பொரியும் ஓசை கேட்டது. பீர் டப்பா ஒன்றை மேசைமேல் வைக்கும் ஓசையும் கேட்டது.

"நான் வீட்டுலதான் மீன் வறுத்துக்கிட்டிருக்கேன், வெர்னன். நீ யார் வீட்டுல இருக்கே?"