நழுவிய கண்ணி

கணவரை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோனதிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து மப்ளர் பின்னிக்கொண்டிருந்தவரைப் பார்க்கப் பார்க்க எரிச்சல் வேறு. சுவெட்டர் டிசைன் போடுவதே அவள் தொழில். வாயைக் கட்டிக்கொண்டிருக்க முடியவில்லை.

“சார், ஊசியிலேர்ந்து ஒரு கண்ணி நழுவிடுச்சு பாருங்க.”

“அடடா, கவனிக்கவே இல்லைம்மா!”

“கீழேயும் ஒண்ணு விட்டிருக்கீங்க. என்ன சார், கை இப்படித் தடுமாறுது?”

“இப்பதானே கத்துக்கிறேன். போகப்போகச் சரியாயிடும்,” என்று சிரித்தார்.

கதவைத் திறந்து நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

“டாக்டர், இவங்க வீட்டுக்காரருக்கு மயக்கம் கொடுத்தாச்சு. நீங்க வந்தா ஆரம்பிச்சிடலாம்.”

அவர் நூலைச் சுருட்டி வைத்துவிட்டு எழுந்தார். அவள் பாய்ந்து வழியை மறித்தாள்.

“டாக்டர்... உள்ளே தையல் போடுறது வேற யாராவதுதானே?”