பாலாற்றுப் பாலத்தின் இடைவெளி

வெயிலில் நீளும் பாலத்துக்கு எவ்வளவு இடைவெளி விடுவது என்று முடிவு செய்பவள் பொறியாளர் மரகதவல்லி. வேலூர் வெயில் ஏறுகிற வேகத்தைப் பார்த்து, பாலாற்றுப் பாலத்துக்கு இருப்பதிலேயே பெரிய இடைவெளியைத் தேர்ந்தெடுத்திருந்தாள்.

தலைமைப் பொறியாளர் திருஞானம் அதை அடித்துவிட்டுச் சின்னதை எழுதினார்.

“சார், முப்பது வருஷத்துல அடிக்கப்போற வெயிலுக்கு இந்த இடைவெளி மூடிக்கும். தளம் ஒண்ணோட ஒண்ணு முட்டி உடைஞ்சிடும்.”

“உடையட்டும்மா. அதுக்கு முன்னாடியே வெயில் தாங்காதுன்னு வேலூரையே காலி பண்ணிடுவாங்க. மேலிடத்துல முடிவாயிடுச்சு. வெளியில மூச்சு விடாதீங்க.”

அவள் கையெழுத்துப் போடும்போதே மகள் போனில் கூப்பிட்டாள்.

“அம்மா, புது வீட்டுக்கு நிலை வச்சாச்சு! உன் பாலம் வருதுன்னுதானே ஆத்துக்கு அந்தாண்ட மனை வாங்கினோம்!”

எதிரே திருஞானம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நல்ல நேரம் பாத்துத்தானே வச்சீங்க?” என்று மட்டும் கேட்டாள் மரகதவல்லி.