பக்கத்து சீட் பிரேக்

விபத்துக்குப் பிறகு அவர் முதன்முறையாக ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். மனைவி நடத்தும் டிரைவிங் ஸ்கூலின் கார். அவள் பக்கமும் ஒரு பிரேக் உண்டு என்ற தைரியம்தான்.

"நாட்டோட அந்தக் கோடிக் கடல் வரைக்கும் நான்தான் ஓட்டுவேன். பிரேக்ல காலை வச்சிருக்கல்ல?"

"வச்சிருக்கேன். ரோட்டைப் பாருங்க." போர்வையைக் காலடிவரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

வயல்கள் போய்ப் பொட்டல் வந்தது. பொட்டல் போய் மலை வந்தது. இறக்கத்தில் அவருக்கு வியர்த்துக் கொட்டியது.

"கால் இருக்கா?"

"இருக்குங்க!" என்றாள், கண்களை இறுக மூடியபடி.

ஒருவழியாகக் கடல் தெரிந்தது.

"எல்லாம் உன் பிரேக் புண்ணியம்!"

அவள் போர்வையை விலக்கினாள். காலடியில் செருப்பு மட்டும்தான் இருந்தது.

"கிளம்புறதுக்கு முன்னாடியே கழட்டச் சொல்லிட்டேங்க. இருந்திருந்தா, மலையில நானே பயந்து மிதிச்சிருப்பேன்."