எது காலி டிஸ்க்?

"அண்ணா, லீவுல இருக்கிறவரைத் தொந்தரவு பண்றேன், கோச்சுக்காதீங்க. சர்வர்ல துளி இடமில்லை. இன்னைக்கு எடுத்த ஸ்கேன் படம் ஒண்ணுகூட வந்து சேரலை."

"பதறாதம்மா. முதல்ல உட்காரு."

ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவில் மொத்தமே இரண்டு பேர்தான். போனின் மறுமுனையில் இருந்த அவர் சீனியர். 'இன்னைக்கு வரலை' என்று காலையில் ஒரு வரி மெசேஜ் அனுப்பியதோடு சரி. அவள் வேலைக்குச் சேர்ந்தே சில மாதங்கள்தான் ஆகின்றன. சர்வர் அறையின் குளிரிலும் அவளுக்கு முதுகு நனைந்திருந்தது.

மேஜையில் இன்டர்காம் அலறியது. எடுத்தாள்.

"ஆபரேஷன் தியேட்டர்லேர்ந்து நர்ஸ் பேசறேன். நோயாளிக்கு வயித்துல பெரிய ரத்தக்குழாய் வீங்கியிருக்கு. எப்ப வேணாலும் வெடிக்கலாம். படத்தைப் பார்க்காம கத்தி வைக்க முடியாதுன்னு டாக்டர் கையைக் கட்டிட்டு நிக்கிறார். லைனை வைக்காதீங்க."

அவள் இன்டர்காமை இடது தோளில் இடுக்கிக்கொண்டு, வலது காதில் செல்போனை வைத்தாள்.

"அண்ணா, யாரோ பாவம், உயிருக்குப் போராடிட்டிருக்காங்க."

செல்போனில் ஒரு முனகல் மட்டும் கேட்டது.

"தூங்கிட்டீங்களா அண்ணா?"

"இல்லம்மா. படுத்துத்தான் இருக்கேன். போன வாரம் ரெண்டு புது டிஸ்க் சொருகினோமே, அதுல ஒண்ணைப் பார்ட்டிஷன் போட்டுப் பிரிச்சு, சர்வருக்குள்ள ஸ்கேன் படத்துக்குன்னு தனியா ஓடுற விர்ச்சுவல் மெஷினோட சேர்த்துடு. அவ்வளவுதான்."

செல்போனை ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டாள். திரையில் டிஸ்க்குகள் வரிசையாக வந்தன. மூன்று ஒரே அளவில் இருந்தன. அவள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்து கட்டளையைத் தட்டினாள்.

"என்டர் தட்டிடட்டுமா?"

"இரு. அதுக்குள்ள ஏற்கெனவே பிரிச்சது ஏதாவது தெரியுதா?"

பார்த்தாள். தெரிந்தது. அவள் விரல் பொறி பட்டதுபோல் விலகியது. அது பழைய டிஸ்க். இத்தனை வருஷத்து நோயாளிகளின் படங்கள் அத்தனையும் அதில்தான் இருந்தன. ஒரு தட்டில் எல்லாம் போயிருக்கும்.

"அண்ணா, இது பழைய டிஸ்க்..."

"ஒண்ணும் ஆகலைல்ல? விடு. எனக்கும் ஒரு தடவை இப்படி உசுரு போய் வந்திருக்கு. அடுத்ததைப் பாரு."

மூன்றாவது சுத்தமாகக் காலியாக இருந்தது. பார்ட்டிஷன் போட்டு, ஃபார்மேட் செய்தாள். அவர் ஒவ்வொரு வரியையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். நடுநடுவே மூச்சு வாங்கினார். லீவு நாளில் மனுஷனைப் போட்டு இப்படிப் படுத்துகிறோமே என்று அவளுக்குச் சங்கடமாக இருந்தது.

"இப்ப மெஷினோட சேர்த்துடு. சேர்த்தியா? உள்ளே போய் புது இடம் தெரியுதான்னு பாரு."

"தெரியுது அண்ணா."

"படம் எல்லாம் இனி அங்க போகணும்னு மாத்திட்டு, சர்வீஸை ஒரு தடவை நிறுத்தி ஓடவிடு."

ஓடவிட்டாள். தேங்கி நின்ற படங்கள் ஒவ்வொன்றாக வந்து விழ ஆரம்பித்தன.

இன்டர்காமில் யாரோ சத்தமாகச் சொல்வது கேட்டது. "வந்துருச்சு. டாக்டர், படம் வந்துருச்சு."

அவள் செல்போனை எடுத்து வலது காதில் அழுத்திக்கொண்டாள்.

"அண்ணா, வந்துருச்சாம். ஒரு உசுரைக் காப்பாத்திட்டீங்க. உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலை."

"நான்தாம்மா உனக்குச் சொல்லணும்" என்றார் அவர்.

அவள் அதற்கு அர்த்தம் கேட்பதற்குள் நர்ஸின் குரல் வந்தது. இடது காதிலும் வலது காதிலும் ஒரே நேரத்தில் வந்தது.

"போதும் சார், செல்போனை இப்படிக் குடுங்க. மயக்க மருந்து ஏத்தணும்."