தினம் ஒரு வார்த்தை

வீட்டு ஒதுக்கீட்டு ஆபீஸில் மேனேஜர் வந்து உட்கார்ந்ததும், கவுன்டர் பெண் நோட்டுப் புத்தகத்தோடு வந்து நிற்பாள்.

"சார், 'அன்டெனபிள்'னா என்ன?"

"நிக்காத வாதம். எடுபடாதுன்னு அர்த்தம்."

எழுதிக்கொண்டு போய்விடுவாள். மூன்று மாதமாக இதே கதைதான். மேனேஜருக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. "என் இங்கிலீஷைக் கேட்டே எங்கேயோ போகப்போறா பாரு" என்று மனைவியிடம்கூடப் பீற்றிக்கொண்டார்.

இன்று அவள் குரல் இறங்கியிருந்தது. "சார், 'ப்ரிக்ளூடட்'?"

"வழியை அடைச்சாச்சுன்னு அர்த்தம். ஆமா, எந்தப் பரீட்சைக்கு இப்படி விழுந்து விழுந்து படிக்கிறே?"

"பரீட்சை எல்லாம் இல்ல சார். எல்லாமே உங்க லெட்டர்ல வர்ற வார்த்தைங்க. லெட்டர் வாங்கினவங்க கவுன்டர்ல வந்து நின்னு, வீடு உண்டா இல்லையான்னு என்னைத்தான் கேக்கறாங்க. இன்னிக்கு வாயும் வயிறுமா ஒரு பொண்ணு நிக்கறா. எனக்கு மனசு வரலை. நீங்களே சொல்லிடுங்க."

மேனேஜர் முதல்முறையாகக் கவுன்டருக்கு வந்தார். அங்கே நின்ற கர்ப்பிணிப் பெண் கடிதத்தை நீட்டினாள். அதில் அவர் கையெழுத்து.

"வீடு கிடைச்சிடுச்சா சார்?" முகமெல்லாம் சிரிப்பு.

இல்லை என்பதற்கு இங்கிலீஷில் நூறு வார்த்தை வைத்திருந்தவருக்கு, அந்த 'இல்லை' மட்டும் வாயில் வரவில்லை.