இரண்டு கதவுகளுக்கு நடுவே

அவன் வெல்டிங் முகமூடியை உயர்த்தியபோது எதிரே அவன் மனைவி நின்றிருந்தாள்.

நீலச் சட்டை, தொப்பி, கழுத்தில் அடையாள அட்டை.

அந்தப் பெரிய கடையின் வாசலில்தான் அவளுக்குக் காவல் வேலை என்று தெரியும். பார்த்ததில்லை.

"கண்டவனுக்கெல்லாம் சல்யூட் அடிக்கணுமா?" என்று அவன் கேட்ட நாளிலிருந்து இருவருக்கும் சரியான பேச்சில்லை.

காலையில் கடை திறக்க இன்னும் நேரமிருந்தது. வெளிக்கதவுக்கும் உள்கதவுக்கும் நடுவே கண்ணாடி அறை. கதவு திறக்கும்போதெல்லாம் காற்று மோதி அறையே ஆடுகிறதாம். பக்கவாட்டில் மூலைக்கு மூலை இரும்புக் குழாய் கொடுத்து இறுக்கச் சொல்லியிருந்தார் என்ஜினியர்.

வேலைக்கு வருகிறவர்களின் பைகளை அவள் சோதித்தாள். ஆள் வராத நேரத்தில் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறி நின்றாள்.

அவன் சுற்றிப் பார்த்தான். ஒரு ஸ்டூல்கூட இல்லை.

"உக்கார எதுவும் தரமாட்டாங்களா?"

"உக்காந்தா கேமராவுல தெரியும்."

அவன் முகமூடியை இறக்கிக்கொண்டான்.

இரண்டாவது குழாயை முதல் குழாய்க்குக் குறுக்கே வைத்துப் பற்றவைத்தான். இரண்டும் சேரும் இடம், அவள் நிற்கும் இடத்துக்கு நேர் பின்னால், அவள் தோளுக்குச் சற்றுக் கீழே வந்தது. பற்றவைத்த தழும்பு அங்கே முண்டும் முடிச்சுமாகத் துருத்தியிருந்தது.

கிரைண்டரை எடுத்தான். தேய்த்தான். விரலால் தடவினான். மறுபடி தேய்த்தான். பிறகு உப்புத்தாள்.

என்ஜினியர் வந்து குழாயை உலுக்கிப் பார்த்தார். அசையவில்லை.

"மத்த இடமெல்லாம் அப்படியே இருக்கு. இங்க மட்டும் ஏம்ப்பா இவ்வளவு வழவழப்பு?"

"ஆள் முதுகு படுற இடம் சார்."

அவள் காதில் விழுந்திருக்கும். திரும்பவில்லை.

சாம்பல் பெயின்ட் அடித்து, 'தொடாதீர்கள்' என்று ஒரு அட்டையைத் தொங்கவிட்டுக் கிளம்பினான்.

சாயங்காலம் வீட்டு வாசலில் அவள் குனிந்து செருப்பைக் கழற்றினாள்.

நீலச் சட்டையின் முதுகில், சாம்பல் நிறத்தில், பெரிதாக ஒரு பெருக்கல் குறி.

"இசக்கி, அட்டை தொங்குச்சே. பாக்கலையா?"

"பாத்தேன்."

அவன் மண்ணெண்ணெய்ப் பாட்டிலையும் பழந்துணியையும் எடுத்து வந்து மூடியைத் திறந்தான். காய்ந்துவிட்டால் போகாது.

"இருக்கட்டும்" என்றாள். "நாளைக்கு வேற சட்டை இருக்கு."

அவன் மூடியைத் திருகி மூடினான்.