வெட்ட வெட்டக் குணம் மாறாத எண்

"நம்பர் மறந்துபோச்சுன்னு யார் சொன்னா? அதோட குணமெல்லாம் அப்படியே ஞாபகம் இருக்கு. இலக்கம்தான் பிடிபடலை" என்றார் கணிதப் பேராசிரியர், லாக்கர் முன்னால் சப்பணமிட்டு.

"மாப்பிள்ளை தங்கமான பையன், ஆனா யாருன்னுதான் தெரியாதுங்கற மாதிரி" என்றாள் மனைவி, பாத்திரங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கியபடி.

பாஸ்போர்ட் லாக்கருக்குள்ளே. வெளிநாட்டு மாநாட்டுக்கு விமானம் மூன்று மணி நேரத்தில். வாசலில் டாக்சிக்காரர் அடித்த ஹாரனில் தெருக் காக்காய்களெல்லாம் நாலு ஊர் தள்ளிக் குடியேறிவிட்டன. வீட்டையோ நாளைக் காலையில் காலி செய்ய வேண்டும். கல்யாணமானதிலிருந்து ஆறு வீடு மாறியாயிற்று. ஆறு தடவையும் பேராசிரியர் ஏதாவது ஒரு மாநாட்டில் இருந்தார். இது ஏழாவது. ஏழு பகா எண் என்பதில் அவருக்கு ஒரு தனித் திருப்தி.

"எட்டு இலக்கம். எதாலயும் வகுபடாத பகா எண். கடைசி இலக்கத்தை வெட்டினா மிச்சமும் பகா எண். அதுல ஒண்ணு வெட்டு, அதுவும் பகா எண். ஒத்தை இலக்கம் வரைக்கும் இப்படியே. இந்த வகையில இதைவிடப் பெரிசு கிடையவே கிடையாது."

"வெட்ட வெட்ட மாறலை. சிலபேர் திட்டத் திட்ட மாறாத மாதிரி."

அது பேராசிரியர் காதில் ஏறவில்லை. டிக்கெட்டின் பின்பக்கத்தில் எண்ணை வளர்க்க ஆரம்பித்தார். ஏழு. எழுபத்து மூன்று. எழுநூற்று முப்பத்தொன்பது. ஒவ்வொன்றையும் வகுத்துப் பார்த்து, எதற்கும் மசியவில்லை என்றான பிறகே அடுத்த இலக்கம். நாலு இலக்கம் வளர்ந்ததும் மிச்சம் தானாக நினைவுக்கு வந்தது. 73939133. பெற்ற தாய்கூட அப்படிப் பூரித்திருக்க மாட்டாள்.

அழுத்தினார். சிவப்பு விளக்கு.

மறுபடி அழுத்தினார். மறுபடி சிவப்பு.

"பூட்டு கெட்டிருக்குமோ?" என்றாள் மனைவி.

"பூட்டு என்ன பண்ணும் பாவம். எனக்கு அந்த எழுநூத்து முப்பத்தொன்பது மேலதான் சந்தேகம்."

ஒரு பாவமும் அறியாத அந்த எண்ணை மீண்டும் முதலிலிருந்து வகுத்து விசாரித்து முடிப்பதற்குள் டாக்சி போயிற்று. விமானமும் போயிற்று. பேராசிரியர் ஆயுளில் முதல் தடவையாக ஓர் அட்டைப்பெட்டியைத் தூக்கினார். சாயங்காலத்துக்குள் மூன்றாவது மாடியிலிருந்து நாற்பத்தொரு பெட்டிகள் இறங்கின. அவர் இடுப்பும் கூடவே இறங்கியது.

மிச்சம் லாக்கர்தான். கட்டிப்பிடித்து அசைத்தார். அது அசைவேனா என்றது.

"இருங்க, உள்ளே இருக்கறதை எடுத்துட்டா கனம் குறையும்" என்று மனைவி குனிந்து எட்டுப் பொத்தான்களைத் தட்டினாள். பச்சை விளக்கு எரிந்து கதவு திறந்தது. "உங்க நம்பர் சரிதாங்க. தூக்கத்துல தினம் அதைத்தானே சொல்றீங்க. போன வாரம் நான்தான் மாத்திட்டேன், ஏழு ஜென்மத்துக்கும் உங்களுக்குத் தோணாத நம்பரா பாத்து."

பேராசிரியர் திறந்த லாக்கருக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்: "அது பகா எண்ணா?"

"யாருக்குத் தெரியும்? என் போன் நம்பரோட கடைசி எட்டு இலக்கம் அது."